நாலு பத்து முதல் நாலு ஐம்பது வரை

வெள்ளி இரவு கடை பூட்டிய பிறகு
ஆறு புள்ளி இரண்டை ஏற்றினேன்.
கஸ்தூரியார் வீதி, பரஞ்சோதியரின் பாமசி,
மேற்குப் பார்த்த வாசல்.
நூறு வீதம் என்று திரை சொன்னதும்
ஒரு பனடோல் பெட்டியை ஸ்கானரிடம் காட்டினேன்.
பீப்.
லைற்றை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனி பின்னேரம் அழைப்பு:
எதையும் வாசிக்குதில்லை.
துஷாந்தினி பதின்மூன்று இலக்கங்களையும்
விரலால் அடித்துக்கொண்டிருக்கிறாள்,
வரிசை வாசல் தாண்டி
சைக்கிள்களுக்குள் நிற்கிறது.
"நேற்று வேலை செய்தது.
நீர் அப்டேற் போட்டீர்.
இண்டைக்குச் செய்யேல்லை."
பரஞ்சோதியர் மூன்றே வரியில் கணக்கை முடித்தார்.
எனக்கும் அதே விடைதான் வந்தது.

எனக்கு வேலை முடிய ஐந்தரை.
கடைக்கு வர ஆறு.
பழைய பதிப்புக்குத் திருப்பினேன். பீப்.
கண்டுபிடித்தாயிற்று என்று பிளேன்ரீ குடித்தோம்.

திங்கள் மீண்டும்.
ஆறு மணிக்கு வந்து வயரை மாற்றினேன். பீப்.
செவ்வாய், வைரஸ் காவலாளியை நிறுத்தினேன். பீப்.
ஒவ்வொரு இரவும் குணமானது,
ஒவ்வொரு பின்னேரமும் செத்தது.
புதன்கிழமை மழை.
முதல்நாள் இரவு திகதியின் வடிவத்தையும் மாற்றியிருந்தேன்.
நாள் முழுக்க ஒரு தடங்கலும் இல்லை.
திகதிதான் காரணம் என்று
அன்று மட்டும் சத்தியமே செய்திருப்பேன்.

துஷாந்தினி சொன்னாள்:
"அண்ணா, உது நாலு மணிக்குப் பிறகுதான் அடம்பிடிக்குது."
"கொம்பியூட்டருக்கு நேரம் தெரியாது தங்கச்சி" என்றேன்.
திரையின் மூலையில் அப்போது
ஆறு பதினேழு.

வெள்ளவத்தைக்கு எழுதினேன், கொஞ்சம் காரமாக:
உங்கள் ஆறு புள்ளி இரண்டு ஸ்கானரைக் கொல்கிறது.
இரவு இரண்டு மணிக்கு அனோஜன் என்ற பெடியனின் பதில்:
"எங்களிட்டை அப்பிடி வருகுதில்லை அண்ணா.
எண்டாலும் பாக்கிறன்."
பாக்கிறானாம்.
பனம்பழம் விழுந்து கிடக்கிறது,
நான் காகத்தை ஒன்பது நாளாய் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் அரை நாள் லீவு.
நாலு மணிக்கே போய் நின்றேன்.
பத்து நிமிசத்தில் நின்றுபோனது.
சிவப்புக் கோடு எரிகிறது,
மெற்போமின் பெட்டி அதன் முன்னால்
கேட்காத பிள்ளைபோல் கிடக்கிறது.
ஆசுபத்திரியிலிருந்து வந்த ஒரு மனுசி
விரித்த குடையோடு எட்டி, விலை என்ன என்றாள்.
பீப்.
விலகினாள். மௌனம்.
நான் திரையைப் பார்த்தேன்.
துஷாந்தினி தெருவைப் பார்த்தாள்.

எதிர்க்கடை மொட்டைமாடியில்
வெறும் இரும்புச் சட்டம்.
போன வெள்ளி வரைக்கும் அங்கே
உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்
பன்னிரண்டு அடி உயரத்தில் கைகட்டி நின்றார்.
புதுப் பெறுபேறுகள் எழுத என்று
அதே வெள்ளிக்கிழமைதான் இறக்கினார்களாம்.
அவருடைய தோளுக்குப் பின்னால் இவ்வளவு காலமும்
ஒரு வெயில் காத்திருந்தது.
நாலு பத்துக்கு வந்து
ஸ்கானரின் கண்ணுக்குள் நேராக இறங்கி
நாலு ஐம்பதுக்குக் கட்டடத்தின் பின்னால் போய்விடுகிறது.
நான் வாசித்த எந்தப் பதிவேட்டிலும்
அதற்கு ஒரு வரி இல்லை.

சேலைன் வந்த மட்டைப்பெட்டியை வெட்டி
துஷாந்தினி ஒரு தாழ்வாரம் ஒட்டினாள்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அனோஜனுக்கு எழுத வேண்டும் என்று
இரண்டு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் மானிப்பாயில், சுன்னாகத்தில், நெல்லியடியில்
பதினொரு கடைகளில்
ஆறு புள்ளி இரண்டைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.
அதில் எத்தனை வாசல் மேற்குப் பார்த்ததோ.

நேற்று ஆறு புள்ளி மூன்று வந்தது.
குறிப்பின் முதல் வரி:
யாழ்ப்பாணத்தில் அறியப்பட்ட ஸ்கானர் பிழை
திருத்தப்பட்டுள்ளது.
கீழே ஒரு கேள்வி, இரண்டு பொத்தான்.
ஓம் என்பதை அழுத்தினேன்.